முதுகைக் காட்டிப் பேசும் இடம்

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் நான் சேலைக்கு மேல் ஆரஞ்சு நிறக் கோட்டு ஒன்றை மாட்டிக்கொண்டு, கழுத்தில் விசிலோடு துப்பாக்கி சுடும் மைதானத்தில் நிற்கிறேன். பாதுகாப்பு அதிகாரி என்று பெயர். எப்போது சுடலாம், எப்போது துப்பாக்கியைத் தொடவே கூடாது என்று சொல்வது வேலை. சம்பளம் கிடையாது. டீயும் வடையும் தருவார்கள். நான் போய்ச் சேர்வதற்குள் பெரும்பாலும் வடை தீர்ந்திருக்கும். பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சராக இருந்து ரிட்டயர் ஆனவள் நான். மைதானத்தின் இந்த மூலையில் நின்று கத்தினால் அந்த மூலையில் ஓடுகிற பிள்ளை அப்படியே நிற்கும். அந்தத் தொண்டைக்காகத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டவன் என் தம்பி.

அவன் கப்பலூரில் லேத் பட்டறை வைத்திருந்தான். வாரம் முழுக்க இரும்பைக் கடைகிற சத்தத்தில் நிற்பவன், ஞாயிறு ஆனால் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு இன்னொரு சத்தத்துக்குப் போகிறானே என்று நான் கிண்டல் செய்வேன். "அது வேறக்கா. பட்டறைல சத்தம் நிக்கவே நிக்காது. அங்க ஒரு சத்தம், அதுக்கப்புறம் அம்புட்டு அமைதி" என்பான். நான் ரிட்டயர் ஆன பிறகு ஒரு நாள் வந்து, "வீட்டுல உக்காந்து டிவிக்காரன வைஞ்சுக்கிட்டு இருக்கதுக்கு எங்க கிளப்புக்கு வா. அங்க வையிறதுக்கே ஒரு ஆள் வேணும்" என்றான். சரி, போய்த்தான் பார்ப்போமே என்று போனேன்.

பரவை ஊரைத் தாண்டி உள்ளே பிரிகிற மண்பாதையில், கைவிட்ட கல் குவாரி ஒன்றை ஒட்டி இருக்கிறது அந்த இடம். பின்னால் குவாரிச் சுவர், அதற்கு முன்னால் ஆள் உயரத்துக்கு மேல் கொட்டிய மண்மேடு. மேட்டுக்கு முன்னால், நடுவில் கறுப்பு வட்டம் போட்ட அட்டைகளைக் குத்தி வைத்திருப்பார்கள். இந்தப் பக்கம் தகரக் கூரைக்கு அடியில் வரிசையாக மேஜைகள். மேஜைகளுக்குப் பின்னால் தரையில் ஒரு வெள்ளைக் கோடு. கம்பத்தில் சிவப்புக் கொடி ஏறியிருந்தால் சுடலாம். இறங்கிவிட்டால் எல்லோரும் துப்பாக்கியை மேஜைமேல் வைத்து, உள்ளே தோட்டா இல்லை என்று காட்டுவதற்காக மஞ்சள் பிளாஸ்டிக் துண்டு ஒன்றைச் செருகிவிட்டு, கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்துவிட வேண்டும். அப்புறம்தான் அட்டை மாற்றுகிறவர்கள் மேட்டுக்குப் போகலாம். இடையில் மயில் வரும். மண்மேட்டில் ஏறித் தோகையை விரித்து நின்றால் அத்தனை பேரும் கையைக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டியதுதான். அதற்கு மட்டும் என் விசில் ஒரு பொருட்டே இல்லை.

இந்த வேலைக்கு ஒரு நாள் பயிற்சி கொடுத்தார்கள். சொல்லிக்கொடுத்தவர் வெளியூர்க்காரர். விதிகளை எல்லாம் அழகாகச் சொன்னார். ஆனால் நம் ஊர் ஆட்கள் செய்யக்கூடிய ஒரு தப்பு அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அது எனக்குத்தான் தெரிந்தது.

எங்கள் பக்கத்தில் பெரியவர்கள் கூப்பிட்டால் முதுகைக் காட்டிக்கொண்டு பதில் சொல்லக் கூடாது. கையில் இருக்கும் வேலையை விட்டுவிட்டு, முழு உடம்போடு திரும்பி, முகத்தைப் பார்த்து, "என்னண்ணே", "என்னக்கா" என்று கேட்க வேண்டும். எங்கள் வீட்டில் இது கொஞ்சம் கூடுதல். அடுப்பில் பால் பொங்கினாலும் அப்பா கூப்பிட்டால் அம்மா திரும்பித்தான் பேசுவாள். நான் கூப்பிட்டுத் தம்பி திரும்பாமல் "ம்" என்றால் அப்பா வரைக்கும் போக விடமாட்டேன், நானே முதுகில் ஒன்று வைப்பேன். ஊரே இப்படி வளர்ந்த ஊர். மரியாதை தெரிந்த மனுஷன் கையில் துப்பாக்கியைக் கொடுத்து, பின்னால் நின்று "அண்ணே" என்று ஒரு குரல் கொடுத்துப் பாருங்கள். துப்பாக்கியோடு திரும்புவார், சிரித்துக்கொண்டே.

அதனால் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு நான் ஒரு சோதனை வைத்தேன். தோட்டா இல்லாத துப்பாக்கியில் மஞ்சள் துண்டைச் செருகிக் கையில் கொடுத்து, குறி பார்க்கச் சொல்வேன். அவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கறுப்பு வட்டத்தைப் பார்க்கும்போது பின்னாலிருந்து கூப்பிடுவேன். வங்கி மேனேஜர் திரும்பினார். கல்லூரிப் பெண் திரும்பினாள். தாசில்தார் ஆபீஸில் இருந்து வந்தவர் திரும்பியதோடு நிற்காமல், "சொல்லுங்கம்மா" என்று குனிந்து ஒரு கும்பிடும் போட்டார். துப்பாக்கிக் குழாய் ஒவ்வொரு முறையும் என் வயிற்றுக்கு நேராக வந்து நின்றது. "இப்ப உங்க மரியாதை என்னையச் சுட்டுருச்சு" என்பேன். முகம் வெளுத்துப்போகும். அதற்கப்புறம் சொல்லிக்கொடுப்பேன்: யார் கூப்பிட்டாலும் மேட்டைப் பார்த்தபடியே பதில் சொல்லுங்கள். துப்பாக்கியைக் கீழே வையுங்கள், திறந்து வையுங்கள். நான் வந்து பார்த்து "திரும்பலாம்" என்று சொன்ன பிறகு திரும்புங்கள். அதுவரைக்கும் கலெக்டரே வந்து நின்றாலும் அவருக்கும் முதுகுதான்.

தம்பியையும் சோதித்தேன். பழைய ஆள், தனக்கு எதற்கு என்று முனகினான். விடவில்லை. அவன் குறி பார்த்து நின்றபோது, வீட்டில் கூப்பிடுகிற அதே குரலில், "தம்பி" என்றேன். அசையவில்லை. மேட்டைப் பார்த்தபடியே, "சொல்லுக்கா" என்றான். விவரம் தெரிந்த பிறகு என் தம்பி முதுகைக் காட்டி என்னிடம் பேசியது அன்றுதான் முதல் தடவை. துப்பாக்கியை வைத்தான், திறந்தான், மஞ்சள் துண்டைச் செருகினான். "திரும்பலாமாக்கா?" என்று கேட்டான். நான் வேண்டுமென்றே கொஞ்ச நேரம் காக்க வைத்துவிட்டு, "திரும்பலாம்" என்றேன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வரும் வழியில் வண்டியை நிறுத்தச் சொல்லிப் பருத்திப்பால் வாங்கிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகு சில வருஷம் ஞாயிற்றுக்கிழமைகள் நன்றாகவே போயின. அவனியாபுரத்தில் என் வீட்டு வாசலில் காரை நிறுத்தி ஹாரன் அடிப்பான். ரிங் ரோட்டில் பேசிக்கொண்டே போவோம். ஜல்லிக்கட்டு வாரத்தில் மட்டும் எங்கள் தெருவுக்குள் வண்டி நுழைய முடியாது. அப்போது நான் ரோடு வரைக்கும் நடந்துபோய் ஏறிக்கொள்வேன்.

பிறகு ஒரு ஞாயிறு ஹாரன் சத்தம் கேட்கவில்லை. போன் செய்தால், "இந்தா வாரேன்க்கா, வழி ஒண்ணு புதுசாப் போட்டுட்டாய்ங்க" என்றான். எங்கள் தெருவுக்கு யாரும் புது வழி போடவில்லை. அடுத்து, சொன்ன கதையையே போகும்போதும் சொன்னான், வரும்போதும் சொன்னான். வயசானால் எல்லோரும் அப்படித்தானே என்று நினைத்துக்கொண்டேன். எனக்கே கண்ணாடியைத் தலைமேல் வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடுகிற வழக்கம் உண்டு. ஆனால் மைதானத்தில் அவன் ஒரு குறையும் வைக்கவில்லை. அட்டையில் குண்டுகள் முன்பைப் போலவே நெருக்கமாக விழுந்தன.

அப்படி ஒரு ஞாயிறு நான் கொடியை இறக்கியிருந்தேன். எல்லாத் துப்பாக்கிகளும் மேஜைமேல் மஞ்சள் துண்டோடு இருந்தன. கல்லூரிப் பெண்ணும் வங்கி மேனேஜரும் அட்டை மாற்ற மேட்டை நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள். நான் வரிசையின் அந்தக் கோடியில் நின்றேன். திரும்பிப் பார்த்தபோது தம்பி கோட்டைத் தாண்டி மேஜைக்குப் போயிருந்தான். மஞ்சள் துண்டை உருவிச் சட்டைப் பையில் போட்டான். ஒரு தோட்டாவை எடுத்து உள்ளே வைத்துப் பூட்டினான். எல்லாவற்றையும் நிதானமாக, ஒழுங்காகச் செய்தான். எதிரே இரண்டு பேர் நடந்து போவது மட்டும் அவன் கண்ணில் படவில்லை.

"ஸ்டாப்!" என்று கத்தினேன். எந்தக் காலத்திலும் அப்படிக் கத்தியதில்லை. மேட்டுப் பக்கம் போனவர்கள் தரையோடு தரையாகப் படுத்துவிட்டார்கள். தம்பி என் குரலைக் கேட்டுத் திரும்பினான். முழு உடம்போடு, கையில் துப்பாக்கியோடு, சின்ன வயசில் எப்படித் திரும்புவானோ அப்படி. கோட்டுக்குப் பின்னால் நின்றவர்கள் அத்தனை பேர் மேலும் அந்தக் குழாய் போய் வந்து என் நெஞ்சுக்கு நேராக நின்றது.

"என்னக்கா?" என்றான். முகத்தில் சிரிப்பு. விரல் விசைமேல் இருந்தது.

நான் பேசிக்கொண்டே நடந்து போனேன். என்ன பேசினேன் என்று நினைவில்லை. பருத்திப்பால் என்று ஏதோ சொன்னேனாம், பிறகு மற்றவர்கள் சொன்னார்கள். கிட்டே போய்க் குழாயை வானத்தைப் பார்க்கத் தள்ளி, அவன் விரலை எடுத்துவிட்டு, பூட்டைத் திறந்தேன். தோட்டா சிமெண்டுத் தரையில் விழுந்து உருண்டது. அதைப் பார்த்த பிறகுதான் அவன் முகம் மாறியது. என்ன செய்தோம் என்று புரிந்த முகம் அது. அதைப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

ஆள்மேல் குழாயைத் திருப்பியவர் அன்றைக்கு வெளியே போக வேண்டும். விதி அது. மற்றவர்களிடம் எப்படிச் சொல்வேனோ அப்படியே சொன்னேன். "கோட்டுக்கு வெளிய போங்க."

"போங்கவா? என்னையவா போங்கங்குற?" என்றான்.

திரும்பி வரும்போது கார் சாவியை நான் வாங்கிக்கொண்டேன். வண்டி ரிங் ரோடு ஏறியது. பிறகு, "நீ அக்காவா, ஆபீசரா?" என்று கேட்டான்.

"அங்க ஆபீசர்."

"அப்ப எனக்கு அங்க அக்கா இல்ல." கொஞ்ச தூரம் போனதும் அவன் குரல் இறங்கிவிட்டது. "எனக்குத் தெரியும்க்கா, என்னமோ ஆகுதுன்னு. பட்டறைல சாமான் பேரு வரமாட்டேங்குது. பேத்தி பேரு வரமாட்டேங்குது, பாப்பான்னு கூப்பிட்டுச் சமாளிக்கிறேன். அங்க போனாத்தேன் எதையும் ஞாபகம் வச்சுக்க வேணாம். கறுப்பு வட்டம் ஒண்ணுதேன். அதையும் புடுங்கிறாதக்கா."

 பருத்திப்பால் கடையைத் தாண்டி நிறுத்தாமல் ஓட்டினேன். கண்ணில் தண்ணீர் நின்றதால் சிக்னல் சிவப்பா பச்சையா என்றே தெரியவில்லை.

டாக்டர் மறதி நோய் என்றார், குறைவதற்கு வழியில்லை, கூடும் என்றார். கிளப்பில் என்னிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தார்கள். நானே சொன்னேன், இனிமேல் அவனைக் கோட்டுக்குள் விடக்கூடாது என்று. சொல்லிவிட்டுக் கழிப்பறைக்குள் போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்று இன்றைக்கும் தெரியாது. வேறொருவர் பாதுகாப்பு அதிகாரியாக இருந்திருந்தால் நான் அவரிடம் போய்ச் சண்டை போட்டிருக்கலாம். அந்த வசதிகூட எனக்கு இல்லை.

துப்பாக்கியைப் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்தோம். எங்கே என்று கேட்டவனிடம் தம்பி மனைவி, "எலெக்‌ஷன் வருதுல்ல, அதான் ஸ்டேஷன்ல வச்சிருக்கு" என்று சொல்லிவிட்டாள். தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் கொடுத்துவிட்டு, முடிந்ததும் வாங்கி வருவது அவனுக்குப் பழக்கம்தான். அதனால் நம்பினான். வாரம் தவறாமல், "எலெக்‌ஷன் முடிஞ்சிருச்சா?" என்று கேட்டான். இன்னும் இல்லை என்றார்கள். "எந்த ஊர்லடா இம்புட்டு நாளா ஓட்டுப் போடுறாய்ங்க?" என்று ஒரு நாள் கத்தினானாம். பேப்பர் போடுகிற ஆளை நிறுத்தி விசாரித்தானாம். கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. 

என்மேல் இருந்த கோபம் மட்டும் அவனுக்கு மறக்கவில்லை. எவ்வளவோ மறந்தவன் அதை மறக்கக் கூடாதா? நான் போனால் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். அதன் பிறகு அன்று முழுக்கச் சாப்பிட மாட்டான். "கொஞ்ச நாள் வராம இருங்க மதினி. தப்பா நினைக்காதீக" என்று தம்பி மனைவி அழுதுகொண்டே சொன்னாள். நான் போவதை நிறுத்தினேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஷேர் ஆட்டோ பிடித்து, பஸ் மாறி, மைதானத்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். ஆரஞ்சுக் கோட்டைக் கழற்றி வைத்துவிடலாம் என்று தோன்றாத வாரம் இல்லை. ஆனால் அன்றைக்குத் தரையில் படுத்த அந்தக் கல்லூரிப் பெண் மறுவாரமே வந்து மேஜைக்கு முன்னால் நின்றாள். அவள் நிற்கும்போது நான் எப்படி வீட்டில் இருப்பது?

மழைக்காலம் போய் வெயில் ஏறத் தொடங்கியபோது தம்பி மனைவி போன் செய்தாள். "மதினி, இப்ப அவுகளுக்குக் கோவமெல்லாம் இல்ல. யாரையும் பாக்குறதே இல்ல. நாற்காலியப் பின்பக்கம் சொவத்தப் பாக்கப் போட்டு உக்காந்துக்கிறாக. யாரு கூப்பிட்டாலும் திரும்ப மாட்டேங்கிறாக. முன்னால போய் நின்னா, வெலகு வெலகுன்னு கையக் காட்டி வெரட்டுறாக. பேத்தி போய் நின்னுச்சு, இதுவரைக்கும் அதட்டாத மனுசன் அதட்டிட்டாக. காது கேக்கலையோன்னு டாக்டர்ட்ட காட்டினோம். காது நல்லாத்தேன் இருக்குங்குறாரு."

அன்றைக்கே போனேன். வீட்டின் பின்பக்கம், துணி காயப்போடும் இடத்தில், காம்பவுண்டுச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். மெலிந்துபோன முதுகு. சட்டைக் காலருக்கு மேல் கழுத்து எலும்பு தெரிந்தது. சுவரில் வெள்ளையடித்தது போக ஓர் இடத்தில் மழைநீர் இறங்கிக் கறுத்திருந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். தம்பி மனைவி, "இந்தா பாருங்க, யாரு வந்திருக்காகன்னு" என்றாள். அவன் அசையவில்லை.

 முன்னால் வந்து நின்றவர்களை அவன் ஏன் விலகச் சொன்னான், பேத்தியை ஏன் அதட்டினான் என்று அங்கே நின்றபோதுதான் புரிந்தது. அவனுக்கு எதிரே யாரும் நிற்கக் கூடாது. அவன் மைதானத்தில், வெள்ளைக் கோட்டுக்கு உள்ளே இருந்தான்.

பின்னாலேயே நின்றுகொண்டு, "தம்பி" என்றேன்.

"சொல்லுக்கா" என்றான், சுவரைப் பார்த்தபடியே.

தம்பி மனைவி வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் கைகள் மடியில் எதையோ மெல்ல இறக்கி வைத்தன. வலது கை எதையோ பின்னுக்கு இழுத்துத் திறந்தது. இரண்டு விரல்கள், அங்கே இல்லாத மஞ்சள் துண்டு ஒன்றை எடுத்துச் செருகின.

"திரும்பலாமாக்கா?"

எத்தனை நாளாக இப்படிக் காத்திருந்தானோ தெரியவில்லை. எல்லோரும் வந்து கூப்பிட்டிருக்கிறார்கள், கெஞ்சியிருக்கிறார்கள், கையைப் பிடித்து இழுத்திருக்கிறார்கள். அந்த ஒரு வார்த்தையை யாரும் சொல்லவில்லை. அவர்களுக்கு எப்படித் தெரியும்? 

"திரும்பலாம்" என்றேன்.

அவன் எழுந்து, நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, முழு உடம்போடு திரும்பினான். என் முகத்தைப் பார்த்தான். நான் கையை நீட்டினேன். வீட்டுக்கு வந்த புது ஆளைப் பார்ப்பது போல மரியாதையாகச் சிரித்துவிட்டு, எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தான். வாசல் பக்கம் பார்த்தான்.

"எங்க அக்கா வந்துச்சா?" என்று என்னிடம் கேட்டான். "இப்பத்தேன் அது சத்தம் கேட்டுச்சு. நீங்க பாத்தீகளா?"

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை மைதானம் முடிந்ததும் நேராக அங்கே போகிறேன். அவன் நாற்காலிக்குப் பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு உட்காருகிறேன். இன்றைக்கு யார் நன்றாகச் சுட்டார்கள், மயில் எவ்வளவு நேரம் நின்றது, வடை இருந்ததா இல்லையா என்று அவன் முதுகிடம் சொல்கிறேன். அவன் சுவரைப் பார்த்துக்கொண்டே சிரிக்கிறான். எலெக்‌ஷன் முடிந்துவிட்டதா என்று கேட்கிறான். பருத்திப்பால் வாங்கிப் போயிருந்தால் பின்னாலிருந்தே கையை நீட்டிக் கொடுக்கிறேன், வாங்கிக்கொள்கிறான். நடுவில் எப்போதாவது, "திரும்பலாமாக்கா?" என்று கேட்பான்.

"இருடா, கொடி இன்னும் எறங்கல" என்று சொல்லிவிடுகிறேன்.